கழற்றும்போதே பூட்டத் தொடங்கு! – மாதிரி நீராவி எஞ்சின் பழுதுபார்க்கும் பாடம்



எங்கள் குச்சனூர் என்றதும் எல்லோருக்கும் சனீஸ்வரர் கோயில்தான் ஞாபகத்துக்கு வரும். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் வந்து பாருங்கள், நிற்க இடம் இருக்காது. இரும்புக்கு அதிபதி சனி பகவான் என்பது பெரியவர்கள் வாக்கு. அந்த ஊர்க்காரன் இரும்பையும் பித்தளையையும் பற்றி எழுதாமல் வேறு யார் எழுதுவது! சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம் துறை லேபின் கண்ணாடி அலமாரியில் ஒரு மாதிரி நீராவி ரயில் எஞ்சின் நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். பொம்மை இல்லை அது. செம்புப் பாய்லர், இரண்டு சிலிண்டர், ஸ்பிரிட் பர்னர் எல்லாம் உண்டு. ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைத்தால் நிஜமான நீராவியில் ஓட வேண்டிய எஞ்சின். இப்போது ஓடவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினால் பாதிச் சுற்றில் பிடிக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஷூ பெட்டி இருக்கிறது. அதற்குள் எந்தக் காலத்திலோ ஒரு பேட்ச் கழற்றிப்போட்ட எரிபொருள் பம்பின் உறுப்புகள். எது எதில் மாட்ட வேண்டும் என்று சொல்ல இன்றைக்கு ஆள் இல்லை. அந்தப் பம்ப் பழுதானதால் சாகவில்லை, கழற்றியதால் செத்தது! இந்த எஞ்சினுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கழட்டுறது சுலபம், மாட்டுறதுதான் கஷ்டம் என்பது நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் புதிதல்ல. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 1928-ல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடி போட்டது 1950களில். பிறகு அகலப்பாதையாக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022-ல், போடிக்கு 2023-ல். நம் எஞ்சினுக்கு அத்தனை வருஷம் ஆக வேண்டாமே!

முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்பேனர் அல்ல, நோட்டுப் புத்தகம். செல்போனில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எடுங்கள், நிறையவே எடுங்கள். ஆனால் ஒரு ஸ்க்ரூ எத்தனை சுற்றில் வெளியே வந்தது, வாஷருக்குக் கீழே இருந்த ஷிம் எத்தனை மெல்லிசு, எந்த நட் இறுக்கமாக இருந்தது, எது ஏற்கெனவே லூசு என்பதையெல்லாம் படம் சொல்லாது. பென்சிலில் கோணல்மாணலாக ஒரு ஸ்கெட்ச் போட்டு அதன் மேலே அளவுகளை எழுதி வைப்பது பத்துப் படத்துக்குச் சமம். என்ஜினீயரிங் டிராயிங்கில் நாம் மார்க்குக்காகக் கற்றது இங்கேதான் உதவுகிறது.

உறுப்புகளைப் போட்டு வைக்க என் சிபாரிசு முட்டைக் கடை அட்டை. ஒரு குழிக்கு ஒரு உறுப்பு, குழிக்கு நம்பர், நோட்டில் அதே நம்பர். சின்ன ஸ்க்ரூக்களுக்கு வீட்டில் ஓரங்கட்டிய பழைய அஞ்சறைப் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். இடது பக்க உறுப்புகளுக்குச் சிவப்பு நூல், வலது பக்கத்துக்கு வெள்ளை நூல் கட்டி விடுங்கள். இடது வலது என்பது ஓட்டுநர் அறையில் முன்னோக்கி உட்கார்ந்திருப்பவரின் இடது வலது. இதை ஆரம்பத்திலேயே எழுதி வைக்காவிட்டால், எதிரே உட்கார்ந்து கழற்றுகிற இரண்டு பேருக்குள் சண்டை நிச்சயம்.

அடுத்து திருகு மரை. இங்கிலாந்து மாதிரிகளில் பெரும்பாலும் பி.ஏ. மரைதான் இருக்கும். 2 பி.ஏ. என்பது 4.7 மில்லிமீட்டர் விட்டம், 0.81 பிட்ச். நம் எம் 5 ஸ்க்ரூ 5 மில்லிமீட்டர், 0.8 பிட்ச். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் மரைக் கோணம் ஒன்றுக்கு 47½ டிகிரி, மற்றதற்கு 60 டிகிரி. ஒரு ஸ்க்ரூ தொலைந்ததென்று எம் 5-ஐ எடுத்து முறுக்கினீர்களானால் பித்தளையில் உள்ள மரை போயே போச்சு. அதனால் ஒரு ஸ்க்ரூகூடத் தொலையக் கூடாது. கழற்றும் மேசையின் கீழே பழைய வேட்டி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தது உருண்டு ஓடாது.

இறுகிப் போன நட்டைச் சுத்தியலால் தட்ட வேண்டாம். மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து இரண்டு சொட்டு விட்டு, ஒரு இரவு அப்படியே விடுங்கள். முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்பினால் பெரும்பாலும் கழன்று வரும். பொறுமையில்லாதவனுக்கு இந்த வேலை சரிப்படாது.

இப்போது மேலிருந்து கீழே. பாய்லர் ஆறியிருக்கிறதா, பர்னரில் ஸ்பிரிட் இல்லையா என்று பார்த்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். சேப்டி வால்வை விரலால் தூக்கி, உள்ளே அழுத்தம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீரை வடித்து அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். பிறகு பாய்லர் நிரம்ப எவ்வளவு பிடிக்கிறது என்றும் அளந்து எழுதுங்கள். பிற்பாடு தேவைப்படும்.

ஓட்டுநர் அறைக் கூரை, புகைபோக்கி, டோம் மூடி எல்லாம் இரண்டு மூன்று ஸ்க்ரூவில் வந்துவிடும். சேப்டி வால்வை முழுசாக எடுக்கலாம். ஆனால் அதன் ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும் நட்டைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால், தண்டின் மேலே எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெர்னியரில் அளந்துவிட்டுத் தொடுங்கள். அந்த நட்தான் அழுத்தத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது.

நீராவிக் குழாயின் யூனியன் நட்டைக் கழற்ற எப்போதும் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று பாய்லர் புஷ்ஷை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரில் பலம் காட்டினால் நட் திரும்பாது, செம்புக் குழாய்தான் முறுக்கிக்கொள்ளும். யூனியன்களும் ஸ்மோக்பாக்ஸ் அடி ஸ்க்ரூக்களும் கழன்றால் பாய்லர் தனியே, சேசிஸ் தனியே.

சேசிஸ் மட்டும் கையில் இருக்கும் இந்த நேரத்தில், மேற்கொண்டு கழற்றாமல் நோயைக் கண்டுபிடியுங்கள். ஒரு பக்கச் சிலிண்டருக்குப் போகும் வழியை ரப்பர் கார்க்கால் அடைத்துவிட்டு, மறுபக்கத்துக்குச் சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். அந்தப் பக்க வால்வு சரியாக நடுவில் நிற்கும்போது எல்லா வழியும் மூடியிருக்க வேண்டும். அப்போதே வெளியேற்றக் குழாயில் உஸ்ஸென்று காற்று வந்தால் வால்வு தன் இருக்கையில் படியவில்லை. வால்வு ஒரு பக்கம் திறந்த பிறகு மட்டும் வந்தால் பிஸ்டனைச் சுற்றிக் கசிகிறது. கம்பி நுழையும் இடத்தில் வந்தால் கிளாண்டு பேக்கிங் தேய்ந்திருக்கிறது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரிதான். நோய் தெரிந்த பிறகு, தேவையான அளவுக்குத்தான் கத்தி வைக்க வேண்டும். “எல்லாத்தையும் கழட்டிப் பார்த்துடலாம்டா” என்று சொல்லும் நண்பனை அன்றைக்கு மட்டும் கேண்டீனுக்கு அனுப்பிவிடுங்கள்!

முக்கியமாக, சக்கரங்களை ஆக்சிலிலிருந்து உருவாதீர்கள். இடது கிராங்கும் வலது கிராங்கும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி இருக்கும்படி அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். ஒரு பக்கம் முட்டுப்புள்ளியில் நின்றாலும் மறுபக்கம் தள்ளி விடுவதற்காக இந்த ஏற்பாடு. இந்தக் கோணம் ஒவ்வொரு ஆக்சிலிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் கொஞ்சம் பிசகினாலும் இணைப்புத் தண்டு பாதிச் சுற்றில் பிடிக்கும். நம் எஞ்சினின் நோய் இதுவாக இருந்தால் அது லேத்தில் ஜிக் வைத்துச் செய்ய வேண்டிய வேலை, ஸ்க்ரூ டிரைவர் வேலையல்ல. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் இணைப்புத் தண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆக்சிலையும் தனித்தனியே சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் சந்தேகம் தண்டின் மீதோ கோணத்தின் மீதோ. சுற்றாவிட்டால் பேரிங்கில் உலர்ந்த எண்ணெய்.

தண்டுகளை எடுத்ததும் உள்பக்கம் சின்னதாக அடையாளம் குத்திவிடுங்கள். இடது வலது மாறக்கூடாது. எந்த முனை முன்னால், எந்த முகம் வெளியே என்பதும் மாறக்கூடாது. புதிதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். பல நாள் ஓடிய பின் ஒவ்வொரு துளையும் தன் பின்னுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். பெரிய எஞ்சின்களின் தண்டுகளில் எஞ்சின் நம்பரையே பொறித்து வைப்பது நீராவிக் காலத்து வழக்கம். பல எஞ்சின்கள் ஒரே நேரத்தில் கழற்றிக் கிடக்கும் பணிமனையில் வேறென்ன வழி? நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினை நினைத்துப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டிய அதில் நான்கு சிலிண்டர். கீழ் ஜோடி சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மலையேறும்போது கீழ் ஜோடியில் வேலை முடித்த நீராவி மேல் ஜோடிக்குப் போய், பல்சக்கரத்தைச் சுற்றும். நமக்கு இரண்டு சிலிண்டரிலேயே தலை சுற்றுகிறது! அந்த எஞ்சின்களைப் பழுதுபார்த்து வந்த திருச்சி பொன்மலைப் பணிமனை, 2011-லிருந்து புதிதாகவே அந்த வகையைக் கட்டத் தொடங்கியது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றும் வந்தது. ஒவ்வொரு உறுப்பின் அளவும் எழுத்தில் இல்லாமல் அது நடந்திருக்காது.

இனி இந்தப் பாடத்தின் நெஞ்சுப் பகுதி, வால்வு. நீராவிப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் வால்வை வெளியே எடுக்கத்தான் கை துறுதுறுக்கும். எடுக்காதீர்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றி, பிஸ்டன் முன் முட்டுப்புள்ளிக்கு வந்ததும் நிறுத்துங்கள். முன் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பீலர் கேஜால் பாருங்கள். பிறகு பின் முட்டுப்புள்ளி. இரண்டும் சமமாக இருந்தால் வால்வுத் தண்டின் நீளம் சரி. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்றால் தண்டின் நீளத்தைத் திருத்தினால் போதும். இரண்டு பக்கமுமே தாமதமாகவோ சீக்கிரமாகவோ திறந்தால் எக்சென்ட்ரிக் ஆக்சிலில் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தச் செய்தி மூடி திறந்த அந்தப் பத்து நிமிஷம் மட்டுமே கிடைக்கும். வால்வை உருவிவிட்டால், எஞ்சின் ஏன் ஓடவில்லை என்பதற்கான சாட்சியை நாமே கலைத்தவர்கள் ஆவோம்.

எக்சென்ட்ரிக்கை ஆக்சிலோடு பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன கிரப் ஸ்க்ரூ. அதைத் தளர்த்துமுன் எக்சென்ட்ரிக்கின் மேலும் ஆக்சிலின் மேலும் சேர்ந்தாற்போல ஸ்கிரைபரால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது கோட்டோடு கோடு சேர்த்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் ஒரு நாள் வேலை. பிஸ்டன் தண்டு குறுக்குத்தலையில் திருகி நுழைகிற மாதிரி இருந்தால், வெளியே வர எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ஒரு சுற்று அதிகமாக உள்ளே போனாலும் பிஸ்டன் ஒரு பக்க மூடியில் முட்டும். பாதிச் சுற்றில் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

வால்வின் முகத்தில் கோடுகள் விழுந்திருந்தால் தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் நைசான எமரி தாளை வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, எட்டு போடுகிற மாதிரித் தேய்க்க வேண்டும். முகம் முழுவதும் ஒரே மங்கல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். கடைசியில் எமரித் தூள் ஒரு துளிகூட இல்லாமல் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும்.

பேக்கிங் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய மாதிரிகளில் கிளாண்டிலும் பாய்லர் உறையிலும் பர்னர் திரியிலும்கூட அஸ்பெஸ்டாஸ் கயிறு வைத்திருப்பார்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சு போல உதிரும் எதையும் அஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, ஊதவே கூடாது. முகமூடி போட்டு, நன்றாக நனைத்து எடுத்து, ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் கட்டி, லேப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அதற்குப் பதில் கிராபைட் கயிறோ டெப்லானோ போதும்.

லூப்ரிகேட்டரையும் மறக்க வேண்டாம். நீராவிக் குழாயோடு ஒட்டிய சின்ன டப்பா. அதற்குள் நுழையும் நீராவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். எண்ணெய் மேலெழுந்து துளை வழியாகக் குழாய்க்குள் போய், சிலிண்டருக்குச் சேரும். எத்தனை எளிமை பாருங்கள்! அந்தத் துளை அடைத்தால் சிலிண்டர் வறண்டு தேயும். மின் வயரின் ஒற்றைச் செம்பு இழையால் குத்தி எடுங்கள். டிரில் பிட் போட்டுப் பெரிதாக்க வேண்டாம்.

கடைசியாகப் பாய்லர். இங்கே விளையாட்டு வேண்டாம். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாய்லரின் முனைத் தகட்டுப் பரப்பு சுமார் 19.6 சதுர சென்டிமீட்டர். 3 கிலோ அழுத்தத்தில் அந்தத் தகட்டைத் தள்ளும் விசை 59 கிலோ, அதாவது வளர்ந்த ஓர் ஆளின் எடை! உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு 143 டிகிரி. இணைப்பு விட்டால் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி நொடியில் நீராவியாகச் சீறும். சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். 1923-ம் வருஷத்து இந்தியக் கொதிகலன் சட்டத்தின் இடத்துக்கு 2025-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. ஆனால் 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லர் அதன் வரையறைக்குள் வராது. ஆகவே நம் எஞ்சினைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வரமாட்டார். நாம்தான் இன்ஸ்பெக்டர்.

முதலில் உள்ளே படிந்த உப்புக் காரையை எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரங்களின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து ஊற்றி, சில மணி நேரம் வைத்து அலசுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை விட்டுவிடாதீர்கள். அது பித்தளையில் உள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும். வெளியே பளபளப்பாகத் தெரியும் புஷ் உள்ளே பஞ்சாகியிருக்கும். இனிமேல் ஊற்ற மழைத் தண்ணீரே சிறந்தது.

இணைப்புகளை உற்றுப் பாருங்கள். வெள்ளிப் பற்று 600 டிகிரிக்கு மேல்தான் உருகும். சாதாரண ஈயப் பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும். ஈயத்தால் பற்றிய பாய்லரைத் தண்ணீரில்லாமல் ஒரு முறை காய விட்டிருந்தால் அதை நம்பக் கூடாது.

பிறகு தண்ணீர் அழுத்தச் சோதனை. பாய்லர் முழுவதும், ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல், தண்ணீர் நிரப்ப வேண்டும். சேப்டி வால்வு இடத்தில் அடைப்பு. கைப் பம்பும் அழுத்தமானியும் இணைத்து, வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 3 கிலோவுக்கு 6 கிலோ வரை மெதுவாக ஏற்றிப் பத்து நிமிஷம் நிறுத்துங்கள். முள் இறங்கக் கூடாது, தகடு உப்பக் கூடாது, வியர்வை போலக்கூட ஈரம் கசியக் கூடாது. ஏன் தண்ணீர் என்றால், தண்ணீர் அமுங்குவதில்லை. இணைப்பு விட்டாலும் ஒரு சொட்டு பீய்ச்சி அடங்கிவிடும். இதையே காற்றால் சோதித்தால் அது சோதனை அல்ல, வெடிகுண்டு. இதில் தேறாத பாய்லரை நெருப்பில் வைக்கக் கூடாது, எவ்வளவு அழகாக இருந்தாலும். அலங்காரமாக அலமாரியில் நிற்பதில் அதற்கு அவமானம் ஒன்றும் இல்லை. அதேபோல நெடுங்காலம் நின்ற எஞ்சின் இனி அவ்வளவுதான் என்று கைவிடவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லீட்ஸில் 1855-ல் கட்டிய இ.ஐ.ஆர். 21 எஞ்சின் பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றபின், சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பழுதுபார்க்கப்பட்டு 2010-ல் மீண்டும் ஓடியது.

பூட்டுவதைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் நோக்கிப் படியுங்கள், அவ்வளவுதான். முட்டை அட்டையில் குழிகள் காலியாகிக்கொண்டே வரும். கேஸ்கட்டுகள் மட்டும் புதிது.

பூட்டியதும் உடனே நெருப்பு வைக்காமல், சிலிண்டருக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பம்புக் காற்றில் ஓட விடுங்கள். முன்னும் பின்னும் தட்டாமல் தடுக்காமல் ஓடினால் மறுநாள் நீராவி. முக்கால் பாய்லர் தண்ணீர். ஸ்பிரிட்டின் அளவு மட்டும் தண்ணீருக்கு முன்னால் தீரும்படி. முதல் முறை புகைபோக்கியிலிருந்து கொதிநீர் தெறிக்கும், முகத்தை நீட்டாதீர்கள். குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராகி நிற்பதால் எஞ்சின் தானாகக் கிளம்பாது. துணியால் பிடித்து நாலைந்து முறை உருட்டிவிட்டால் அந்தத் தண்ணீர் வெளியேறி, பிறகு பிடித்துக்கொள்ளும். சேப்டி வால்வு எந்த அழுத்தத்தில் திறந்தது, எத்தனை நிமிஷம் ஓடியது, ஆறிய பின் எத்தனை மில்லி தண்ணீர் மிச்சம் என்பதைத் தேதியோடு அதே நோட்டில் எழுதி, லூப்ரிகேட்டரில் நின்ற தண்ணீரை வடித்து, நோட்டையும் எஞ்சினோடு சேர்த்தே அலமாரியில் வையுங்கள். அடுத்த பேட்ச் திறக்கும்போது முதலில் அதுதான் கையில் கிடைக்க வேண்டும்.